பலகைக்குப் பாலிசி இல்லை

அப்போது என் பெயரில் மூன்று இன்சூரன்ஸ் இருந்தன. நான் செத்தால் அம்மாவுக்குப் பணம் வர ஒன்று. மெஷினில் விரல் போனால் எனக்குப் பணம் வர, கம்பெனி போட்டுக் கொடுத்தது ஒன்று. பைக்குக்கு ஒன்று. முதலாவதையும் மூன்றாவதையும் என் தலையில் கட்டியவர் எங்கள் லைனில் பக்கத்து மெஷின் ஓட்டிய சேலத்து அண்ணன். ஷிப்டில் மெஷின் ஓட்டுவார், டீ நேரத்தில் பாலிசி விற்பார். ஓசூரில் அப்படி ஒவ்வொரு கம்பெனியிலும் ஒருவர் இருந்தார். அவர் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி படித்ததில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் டிப்ளமோ சான்றிதழோடு ஓசூருக்கு வந்தவன் நான். சொந்த ஊர் திருச்செந்தூருக்குப் பக்கம். அப்பாவுக்கு மளிகைக் கடை. கடலைப் பார்த்து வளர்ந்தவனே தவிர கடலில் தொழில் பார்த்தவன் இல்லை. இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போனதை அம்மா பார்த்தால் முதுகுத்தோல் உரியும். ஆனால் இந்த விவரத்தை நான் ஓசூரில் யாரிடமும் சொல்லவில்லை. கடல்காரன் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அந்தப் புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. இல்லாததைச் சொல்ல மாட்டேன், மற்றவர்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

கம்பெனிக்குப் புது மெஷின் ஒன்று வந்தபோது, அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட ஒரு போர்ச்சுகல்காரர் வந்து மூன்று மாதம் இருந்தார். அவர் பெட்டியின் உட்பக்கம் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. பெரிய அலை ஒன்றின் மேல் நீளமான பலகையில் அவர் நின்றுகொண்டிருந்தார். என்னால் கண்ணெடுக்க முடியவில்லை. கேட்கக் கேட்க அவருக்கும் உற்சாகம் வந்து, பர்சிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். அலைப் பலகை விடுகிறவர்களின் சங்கத்தில் அவர் உறுப்பினராம். சந்தாவோடு இன்சூரன்ஸும் சேர்ந்தே வருமாம்.

சேலத்து அண்ணனுக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "இவரு தண்ணியில போய்ட்டா வீட்டுக்கு எவ்வளவு வரும்னு கேளுப்பா" என்றார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். அது தனக்கு இல்லை, தன் பலகை வேறு யார் மேலாவது பட்டு அவருக்குக் காயம் ஆனால், அந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டியதை இன்சூரன்ஸ் கொடுக்கும் என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "விளையாடப் போறான், அதுல எவனுக்கோ அடிபட்டா குடுக்கறதுக்கு முன்கூட்டியே காசு கட்டிட்டுப் போறானாம்" என்று சேலத்து அண்ணன் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். போர்ச்சுகல்காரர் சிரிக்கவில்லை. தண்ணீரில் நீ மட்டும் இருப்பதில்லையே என்று மட்டும் சொன்னார்.

அவர் ஊருக்குப் போன பிறகு எனக்குப் பலகைப் பைத்தியம் பிடித்தது. அலைக்கு எங்கே போவது? ஓசூருக்குப் பக்கத்தில் அணை இருக்கிறது. அங்கே நின்றபடி துடுப்புப் போடலாம் என்று முடிவு செய்தேன். என் அறை நண்பன் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை பார்த்தான். புது மெஷினைச் சுற்றி வந்த தெர்மாகோல் துண்டுகளை ஸ்கிராப் யார்டில் கெஞ்சி வாங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, பட்டறைக்குப் பின்னால் வைத்துச் செதுக்கினோம். முதல் தடவை மேலே ஃபைபர் பிசினை ஊற்றியதும் தெர்மாகோல் புகைந்து உருகி ஓட்டையாகிவிட்டது. பட்டறை முதலாளி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, முதலில் பசை தடவிச் செய்தித்தாளை நான்கு சுற்றுச் சுற்றுங்கடா, அப்புறம் பிசின் பூசுங்கடா என்றார். இரண்டாவது தடவை நின்றது. ஒன்பதடி நீளம். மூங்கிலில் துடுப்பு.

பலகை நேராகப் போக, பின்பக்கம் அடியில் மீன்வால் மாதிரி ஒன்று வேண்டும் என்று போர்ச்சுகல்காரர் சொல்லியிருந்தார். அலுமினியத் தகட்டில் முக்கோணமாக ஒன்றை வெட்டி மாட்டினேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். என் வேலையே பிசிறு எடுப்பதுதான். மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு உருப்படியின் விளிம்பிலும் கத்தி மாதிரி நிற்கும் பிசிறை அரத்தால் எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, அதற்குப் பிறகே தட்டில் வைக்க வேண்டும். ஒரு ஷிப்டில் நானூறு உருப்படி. ஒன்றில் பிசிறு இருந்தாலும் இன்ஸ்பெக்டர் மொத்தத் தட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட நான், எனக்காக வெட்டிய தகட்டின் விளிம்பை ஒரு தடவை தடவிக்கூடப் பார்க்கவில்லை. அது தண்ணீருக்கு அடியில்தானே இருக்கப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பைக் ஓட்ட, நண்பன் பின்னால் உட்கார்ந்து பலகையைக் குறுக்காக மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வான். இரண்டு பக்கமும் நான்கடி நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வந்தவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எங்களைத் திட்டினார்கள். அணையில் பெங்களூர்க் கழிவெல்லாம் ஆற்றோடு வந்து சேரும். மதகுப் பக்கம் வெள்ளை நுரை ஆள் உயரம் நிற்கும். நாங்கள் நுரை வராத மேட்டுப் பக்கமாகப் போவோம்.

அங்கே ஒருவர் கரையை ஒட்டி மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் குடைமிளகாயும் கொத்தமல்லியும் போட்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். அவரும் அவர் மனைவியும்தான் அத்தனை வேலையும் செய்தார்கள். டீசல் இஞ்சின் வைத்து அணையிலிருந்து தண்ணீர் இறைத்தார். உறிஞ்சும் குழாயின் நுனியில் இருக்கும் புட்வால்வில் ஆகாயத்தாமரை வேர் வந்து அடைத்துக்கொள்ளும். அடிக்கடி இஞ்சினை நிறுத்திவிட்டு, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, முங்கி, அதைக் கையால் பிடுங்கி எடுப்பார். என்னைக் 'கடல் தம்பி' என்று கூப்பிட்டார்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ அவரே என்னைக் கூப்பிட்டு ஓர் ஏற்பாடு செய்தார். "கடல் தம்பி, நான் முங்கறதுக்கு முன்னாடி ஒரு கை தூக்கறேன். நீ பாத்துட்டின்னா துடுப்பத் தூக்கிக் காட்டு. அப்பறம் பைப்புப் பக்கம் வராத. உள்ள இருந்தா எனக்கு ஒன்னும் தெரியாது" என்றார். நான் சரி என்றேன். அதன்படியே நடந்தும் வந்தது. அவர் கை தூக்குவார், நான் துடுப்பைத் தூக்குவேன், ஒதுங்கிப் போவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனிப் பயிற்சிப் பெண்கள் நான்கு பேர் அணையைப் பார்க்க வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி கேமரா வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கை தட்டினார்கள். இஞ்சின் சத்தம் நின்றது. அவர் தண்ணீரில் இறங்கினார். என்னைப் பார்த்து ஒரு கை தூக்கினார். நான் துடுப்பைத் தூக்கிக் காட்டினேன். அவர் முங்கினார்.

நான் ஒதுங்கவில்லை. குழாயை உரசுகிற மாதிரி போய்ச் சட்டென்று வளைத்துத் திருப்பினால் அந்தப் பெண்கள் நின்றிருந்த இடத்திலிருந்து பார்க்க நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவர் மேலே வருவதற்குள் கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காற்று பின்னாலிருந்து தள்ளியது. பலகைக்கு நேர் முன்னால் அவர் தலை எழுந்தது. நான் பயத்தில் பின்பக்கமாகத் தண்ணீரில் குதித்தேன். மிதித்த வேகத்தில் பலகை முன்னால் எகிறிக் கவிழ்ந்து அவர் மேல் விழுந்தது. நான் எழுந்து பார்த்தபோது அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். விரல்களுக்கு இடையே ரத்தம் வந்தது. வலது புருவத்திலிருந்து கன்னம் வரை அந்தத் தகடு கிழித்திருந்தது.

அவர் மனைவி வரப்பில் ஓடி வந்தார். தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினார். பைக்கில் நான், நடுவில் அவர், பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டு நண்பன். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் நெற்றி என் முதுகில் சாய்ந்திருந்தது. என் சட்டை நனைந்தது ஆற்றுத் தண்ணீராலா ரத்தத்தாலா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

டியூட்டி டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு சொன்னேன். "நான் தண்ணியில பலகை ஓட்டிட்டு இருந்தேன் சார். இவரு திடீர்னு எந்திரிச்சாரு. நான் பாக்கல. என் பலகைதான் பட்டுச்சு." அவர் புத்தகத்தில் 'பலகை பட்டுக் காயம்' என்று எழுதிக்கொண்டார். நர்ஸம்மா என்னைப் பார்த்து, "ஓடிப்போகாம கூட்டியாந்து சேத்தியே, நல்ல பையன்பா நீ" என்றார். நான் மறுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் அவர் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அன்று சாயங்காலமே பெங்களூர் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

சேலத்து அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் என்னை கேன்டீனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். முதலில் நன்றாகத் திட்டினார். பிறகு, "ஆஸ்பத்திரியில என்ன சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்பா, உன்கிட்ட எதுக்கு எதுக்கோ பாலிசி இருக்குது. பலகைக்கு இருக்குதா? தண்ணியில நீ எவனக் கொன்னாலும் உன் கைக்காசுதான். அதே ரோட்டுல உன் வண்டி பட்டிருந்தா? தேர்ட் பார்ட்டி இருக்குது. மூனாவது ஆளுக்கு. உனக்கு ஒரு பைசா வராது, அடிபட்டவனுக்கு வரும். கோர்ட்டு சொல்ற தொகை முழுசும் வரும். அதுக்குத்தான வருசா வருசம் கட்டற?"

என் பைக் பாலிசியில் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். போர்ச்சுகல்காரரைப் பார்த்து நாங்கள் கேலி செய்து சிரித்த அதே ஏற்பாட்டுக்கு, சட்டத்துக்குப் பயந்து நானும் காசு கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். சக்கரம் இருந்தால் உண்டு. சக்கரம் இல்லாவிட்டால் இல்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சேலத்து அண்ணன் ஒரு வழியோடு வந்தார். அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இதில் அவருக்கு ஒரு லாபமும் கிடையாது. "புத்தகத்துல பலகைன்னுதான எழுதியிருக்குது? ரொம்ப நல்லதாப் போச்சு. நீ பலகைய வண்டியிலதான கொண்டுபோவ? குறுக்கால நீட்டிட்டு இருக்கும். அணை ரோட்டுல அவரு நடந்து வந்தாரு, பலகை முகத்துல பட்டுச்சு. எல்லாம் நடந்ததுதான். இடத்த மட்டும் மாத்து. தண்ணிக்குப் பதிலா ரோடு. போலீஸ்காரரு இன்னும் வாக்குமூலம் வாங்கல. அடிபட்டவரு வீட்டுக்கு வந்ததும் வருவாரு. அதுக்குள்ள அவருகிட்டப் பேசிடணும்."

எனக்கு அது சரியென்றே பட்டது. இன்றைக்கும் அது முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் சம்பளத்தில் அவருக்கு நான் என்ன செய்துவிட முடியும்? குடைமிளகாய் அறுக்கிற நேரம் அது. செடியிலேயே அழுகிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யால் அவர் குடும்பம் நிமிர்ந்துவிடும். என் பேரில் ஒரு வழக்கு வரும், வந்துவிட்டுப் போகட்டும். அந்த முடிவுக்கு வந்தபோது எனக்கு என் மேலேயே கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

அவர் வீடு திரும்பிய மறுநாள் காலை நானும் சேலத்து அண்ணனும் போனோம். இரண்டு அறை வீடு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் பெரிய கட்டு. மனைவி வாசலில் கொத்தமல்லியைக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தார். சேலத்து அண்ணன் பாலிசி விற்கிற பொறுமையோடு எல்லாவற்றையும் விளக்கினார். மனைவி கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இருவரும் தெலுங்கில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மா ஒப்புக்கொண்டார் என்பது குரலிலேயே தெரிந்தது.

நாற்காலியில் இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை. சேலத்து அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"ரோட்டுலன்னு சொன்னா, நான் எங்க நின்னேன்னு எழுதுவாங்கோ?"

"ரோட்டோரமா நடந்து வந்தீங்கன்னு."

"பலகை அம்மாம் நீளத்துக்கு நீட்டிட்டு வருது. நான் ஏன் ஒதுங்கலன்னு கேக்க மாட்டாங்களா?"

"கவனிக்கலன்னு சொல்லுங்க. அதுல ஒன்னும் கொறஞ்சிடாது."

"நான் கவனிச்சேன்" என்றார். "என் பைப்புகிட்டதான் நின்னேன். கவனிச்சுட்டுதான் முங்கினேன். கவனிக்காம வந்து கண்ணக் குடுத்தவன்னு நான் கையெழுத்து வெக்கணுமா? வெக்க மாட்டேன்."

கை தூக்கியதை இப்போது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். கழுத்தை முழுக்கத் திருப்பினால்தான் அவரால் என்னைப் பார்க்க முடிந்தது. நான் பேச வேண்டிய இடம் அது. அண்ணே, நீங்கள் கை காட்டினீர்கள், நானும் துடுப்பைத் தூக்கினேன் என்று ஒரே ஒரு வாக்கியம். நான் தரையில் கிடந்த கொத்தமல்லி வேர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவிக்குக் கோபம் பொங்கிவிட்டது. "உங்க ரெண்டு பேரு உண்மையும் எனக்கு வேணாம். எடுத்துட்டுப் போங்க. இஞ்சின யாரு ஓட்டறது, அதச் சொல்லுங்க" என்று கொத்தமல்லிக் கட்டைத் தூக்கிக் கூடையில் எறிந்தார். ரெண்டு பேர் என்றது கணவனையும் சேலத்து அண்ணனையும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் போலீஸ்காரர் வந்தார். தண்ணீரில் நின்றபோது பலகை பட்டது, புகார் இல்லை என்று அடிபட்டவர் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். விஷயம் அதோடு முடிந்தது.

எனக்கு அது முடியவில்லை. பி.எஃப். பணத்தில் கடன் எடுத்து ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தேன். பலகையை ரம்பத்தால் அறுத்துக் குப்பையில் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணைக்குப் போய், யாரும் கூப்பிடாமலே தண்ணீரில் இறங்கிப் புட்வால்வைச் சுத்தம் செய்தேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. ஓவர்டைம் வந்தால் வாரநாளில் ஷிப்ட் முடிந்து போவேன். களை பிடுங்கினேன், மூட்டை தூக்கினேன், பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டியில் ஏற்றினேன். அந்த அம்மா மத்தியானம் களியும் கீரைக் குழம்பும் போடுவார். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் மட்டும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

ஒற்றைக் கண்ணில் தூரம் சரியாகத் தெரியாது என்பதை அங்கேதான் பார்த்தேன். டீசலை இஞ்சின் டேங்கில் ஊற்றுவார், பாதி வெளியே போகும். வரப்பு இருக்கிறது என்று காலை வைத்து வாய்க்காலில் விழுவார். மிளகாயை அறுக்கக் கத்தியை நீட்டினால் ஒரு விரற்கடை தள்ளிப் போகும். ஒவ்வொரு தடவையும் அவர் எரிச்சலில் தன்னைத்தானே தெலுங்கில் திட்டிக்கொள்வார். என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடிக் கண் பொருத்திய பிறகு வெளியாட்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

ஒருநாள் சேலத்து அண்ணனிடம் கேட்டேன். வண்டி இல்லாமல், வேலை இல்லாமல், சும்மா இருக்கும்போது நம்மால் இன்னொருவருக்குக் கெடுதல் வந்தால் அதற்கு ஏதாவது பாலிசி இருக்கிறதா என்று. அவர் கேலி செய்யவில்லை. இரண்டு மூன்று ஆபீஸில் விசாரித்துவிட்டு வந்தார். "பெரிய கம்பெனிங்களுக்கு என்னென்னவோ இருக்குதாம். நம்ம மாதிரி ஆளுக்கு எதுவும் கொண்டாந்து விக்கறதில்லப்பா. வந்து கேட்ட மொத ஆளே நான்தானாம்" என்றார். எல்லோரும் தனக்கு என்ன ஆகுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என்னைப் பார்த்து அடுத்தவர் பயப்பட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவேன். புட்வால்வைச் சுத்தம் செய்துவிட்டுச் சொல்லலாம், சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம், இன்றைக்கு அவருக்குத் தலைவலி, அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளுவேன். இவ்வளவு வேலை செய்கிறேனே, இதுவே சொன்ன மாதிரிதானே என்று ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். பக்கத்து வயல்காரர்கள், அடிபட்ட வீட்டுக்கு இத்தனை வருஷம் உழைக்கிறானே என்று என்னைப் புகழ்ந்தார்கள். வழக்கம்போல நான் மறுக்கவில்லை. அவர் அதைக் கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்ப்பார். ஒருவேளை அன்று நான் துடுப்பைத் தூக்கியதை அவர் சரியாகப் பார்க்கவில்லையோ, மறந்துவிட்டாரோ என்றுகூட நினைக்கத் தொடங்கினேன். ஆசை அப்படியெல்லாம் நினைக்கவைக்கும்.

ஆறு வருஷம் போயிற்று. ஓசூர் நாலாபக்கமும் வீங்கியது. நிலத்துக்காரர் மூன்று ஏக்கரையும் பிளாட் போட விற்றார். அவர்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மனைவியின் ஊருக்குப் போக முடிவு செய்தார்கள். அங்கே யானை வருகிற காடு, ஆனாலும் சொந்த நிலம் அரை ஏக்கர் இருக்கிறது என்றார்கள். சாமான் ஏற்ற நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். இஞ்சினைக் கழற்றி டெம்போவில் ஏற்றினோம். அவர் டெம்போவின் முன்பக்கம் நின்று டிரைவரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி பின்னால் தரையில் உட்கார்ந்து உறிஞ்சு குழாயைச் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். இனி அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. அவரிடம் நேராகப் போகப் பயந்து, அந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்" என்றேன். "அன்னைக்கு அண்ணன் திடீர்னு எந்திரிக்கல. முங்கறதுக்கு முன்னாடி கை காட்டினாரு. நான் பாத்தேன். துடுப்பத் தூக்கிச் சரின்னும் காட்டினேன். கரையில நின்ன பொண்ணுங்க பாக்கணும்னுதான் கிட்டக்க ஓட்டினேன். பாக்கலன்னு நான் சொன்னது பொய்."

அவர் கயிற்றை விடவில்லை. முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அவரு பெங்களூரு ஆஸ்பத்திரியிலயே சொன்னாரு" என்றார்.

"பின்ன ஏங்க்கா ஒருத்தர்கிட்டயும் சொல்லல? போலீசுகிட்டயாவது..."

"நான் சொல்லணும்னுதான் சண்ட போட்டேன். அவருதான் வேணாம்னாரு. அந்தப் பையனே சொல்லுவான்னாரு. இந்த ஞாயித்துக்கெழம சொல்லுவான், அடுத்த ஞாயித்துக்கெழம சொல்லுவான்னு நீ வர்றப்பல்லாம் பாத்துட்டே இருந்தோம். நான் ரெண்டாவது வருசமே விட்டுட்டேன். அவரு இன்னும் விடல."

குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "என்கிட்ட எதுக்குச் சொல்ற? போய் அவருகிட்ட சொல்லு. வண்டி கிளம்பப் போவுது" என்றார்.

டிரைவர் டெம்போவை ஸ்டார்ட் பண்ணிவிட்டான். அவர் எனக்கு வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பக்கமாகப் போனால் நான் வருவது அவருக்குத் தெரியாது. டெம்போவைச் சுற்றிக்கொண்டு, அவருக்குக் கண் தெரிகிற பக்கமாகப் போனேன்.